கம்மல் மாறிய சிரிப்பு

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். குதிகால் மட்டும் சாயங்காலம் ஆனால் தன் வேலையைக் காட்டுகிறது. உன் கண் எரிச்சல் எப்படி? உன் வீட்டுக்காரருக்கு இருமல் விட்டதா? போனில் கேட்கலாம் என்றால், கதை வெளியே கசிந்துவிடும் என்று உங்கள் எடிட்டிங் கூடத்தில் வாசலிலேயே போனைப் பிடுங்கிப் பூட்டிவிடுகிறார்கள். நீ வெளியே வரும் நேரம் நான் குறட்டை. ஆகவே பேனா.

அடியே, நேற்று உங்கள் டிவி தொடரில் என்ன காட்சியடி போட்டீர்கள்! என் பியூட்டி பார்லர் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

வெட்டிச் சேர்த்தவள் நீதான். இருந்தாலும் நாங்கள் பார்த்ததைக் கேள். மருந்துக்கடைப் பெண் பின்னறையில் பெட்டி அடுக்குகிறாள். வக்கீல் உள்ளே வந்து கதவைச் சாத்துகிறான். கையைப் பிடிக்கிறான். "வேண்டாம், விடுங்க" என்கிறாள். மறுபடியும் "விடுங்க" என்கிறாள். அவன் விடவில்லை. அப்புறம் அவள் முகம் பெரிதாக வருகிறது, சிரிக்கிறாள், புல்லாங்குழல் வாசிக்கிறது, விளக்கு அணைகிறது. தொடரும்.

நான் டீச்சர் தலையில் டை தடவிக்கொண்டிருந்தேன். டீச்சர் கைதட்டிவிட்டார். "இதுதான்டி காதல்! எத்தனை மாசமா காத்துக்கிட்டிருந்தேன்!"

அடுத்த நாற்காலியில் நம் பஸ் ஓட்டுகிற அம்மா. தெரியுமே, ஹாரன் மாதிரி குரல். "எது காதல்? வேண்டாம்னு சொன்னது உங்க காதுல விழலையா டீச்சர்?"

"வாய் ஆயிரம் சொல்லும். முகம் சிரிச்சுதா இல்லையா?"

"நாளைக்கு உங்க பொண்ணு வேண்டாம்னு சொன்னாலும் முகத்தைத்தான் பாப்பீங்களா?"

அவ்வளவுதான். டீச்சர் பாதி டையோடு எழுந்து நின்றுவிட்டார். நான் நடுவில் பிரஷ்ஷோடு. சட்டையெல்லாம் கறுப்பு. இதை எடுத்தவர்கள் மனதில் என்னதான் இருந்தது என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொல்லி இரண்டு கட்சியும் உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்திருந்தார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் பேச்சை எடுத்தார். அவருக்கும் மனைவி இல்லை, எனக்கும் உன் அத்தான் போய் ஒன்பது வருஷம், எதற்கு இரண்டு பேரும் தனித்தனியே என்றார். நான் டீ போட எழுந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணைக் கசக்காதே.

அக்கா

ஜனவரி 16

என் அருமை அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் நிதானமாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. கண் எரிகிறது, இருமல் நின்றுவிட்டது, உன் குதிகாலை வெந்நீரில் வை. முடிந்தது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். பாதி டையோடு எழுந்த டீச்சரைக் கேட்டு ஒலிப்பதிவுக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. அக்கா, ஊரெல்லாம் இதே சண்டைதான்! சேனலுக்குக் கடிதம் மூட்டை மூட்டையாக வருகிறதாம். முதல் தடவையாக எங்கள் தொடர் முதல் இடத்துக்கு வந்திருக்கிறது. இயக்குநர் என் முதுகில் தட்டினார். அந்தக் கடைசி இடத்தில் நான் ஒரு சின்னக் கைவேலை செய்தேன், அதுதான் இத்தனை கூத்துக்கும் காரணம். என்ன வேலை என்று சொல்ல மாட்டேன், வாயைத் திறக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

எடுத்தவர்கள் மனதில் என்ன என்றுதானே கேட்கிறாய்? காதல் என்கிறார் இயக்குநர். அடுத்த வாரம் கதாசிரியரே பேட்டியில் சொல்லப்போகிறார். டீச்சரிடம் சொல், ஜெயித்துவிட்டார்.

அதெல்லாம் இருக்கட்டும். கண்ணாடிக் கடைக்காரரா! அண்ணனுக்கு இப்படியும் மூளை வேலை செய்யுமா! டீ போட எழுந்தேன் என்றால் என்ன அர்த்தம்? உனக்கு அவரைப் பிடித்திருக்கிறதா? ஒழுங்காக எழுது. தனியாக நீ அங்கே இருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

உன் வாலு

ஜனவரி 30

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். வெந்நீர் வைத்தேன், சுகமாக இருந்தது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

பேட்டியைப் பார்த்தோம். கதாசிரியர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "அது காதல் காட்சி, அந்தப் பெண்ணுக்குச் சம்மதம், அந்த நோக்கத்தில்தான் எழுதினேன்" என்றார். டீச்சர் பார்லர் முழுக்க மிட்டாய் கொடுத்தார். "எழுதினவரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்ன?"

பஸ்காரம்மா மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "அவரு என்னத்தையோ நினைச்சு எழுதட்டும் டீச்சர். நான் பாத்தது அவரு மனசை இல்ல, டிவியை. டிவியில கதவு சாத்திக் கிடந்துச்சு" என்றார். மிட்டாயைத் துப்பச் சொன்னார் டீச்சர். இப்போது டீச்சர் கட்சி கண்ணாடிப் பக்கம், பஸ் கட்சி ஜன்னல் பக்கம். யாராவது புதிதாக முடி வெட்ட வந்தால், எந்தப் பக்கம் உட்காருகிறாள் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். வியாபாரம் ஜோர்.

நான் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். கத்தரிக்கோல் கட்சி என்று சொல்லித் தப்பிக்கிறேன்.

கண்ணாடிக் கடைக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் ஷட்டர் தூக்கும்போது பார்த்தால் சிரிப்பார், நானும் சிரிப்பேன். ஆனால் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய், என் வீட்டுக் கதவை நானே திறந்து, செருப்பை எங்கேயோ வீசிவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேனே, அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சரி விடு, நாற்காலியில் ஆள் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா

பிப்ரவரி 6

என் தங்க அக்கா,

கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதனால் எழுத்து கோணும், மன்னித்துக்கொள். நீ சௌக்கியமா?

எனக்குத் தலைகால் புரியவில்லை! "நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பார்த்தால் சிரிப்பார், நானும் சிரிப்பேன்." இதை நீ எழுதியிருக்கிறாய், உன் கையால்! நீ எப்போதும் இப்படித்தான், ஆசையை நேராகச் சொல்ல மாட்டாய். சின்ன வயதில் எனக்குப் பாவாடை வாங்கும்போது உனக்கும் வேண்டுமா என்று அம்மா கேட்டால், இருக்கிறதே போதும் என்பாய், அப்புறம் என்னுடையதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாய்.

அதனால் நானே அந்த வரியை அப்படியே எழுதி அன்றைக்கே அண்ணனுக்குப் போட்டுவிட்டேன். அக்காவுக்குச் சம்மதம்தான், நீங்கள் ஆகவேண்டியதைப் பாருங்கள் என்றேன். என் வீட்டுக்காரர்கூட, "உங்க அக்கா சரின்னு எங்க எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். ஆம்பிளைகளுக்கு வரிக்கு நடுவே படிக்கத் தெரியாது என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

இன்னொரு சந்தோஷம். தொடரிலும் கல்யாணம்! மருந்துக்கடைப் பெண்ணுக்கும் வக்கீலுக்கும் ஏப்ரலில். இதை எழுதியதற்கே என்னை வேலையை விட்டுத் தூக்கலாம், கடிதத்தைக் கிழித்துவிடு. இந்த வருஷம் நமக்கு யோகம்தான் அக்கா!

உன் வாலு

மார்ச் 12

வாலுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது.

ஒரு செய்தி. நேற்று காலை பதினொரு மணி மறுஒளிபரப்பில் அந்தப் பின்னறைக் காட்சியை மறுபடி போட்டார்கள். பஸ்காரம்மாவுக்கு லீவு, நகத்துக்குச் சாயம் போட உட்கார்ந்திருந்தார். திடீரென்று, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார். ஏதோ விபத்து என்று நான் பயந்தே போனேன். ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். இப்போதெல்லாம் நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்கலாமே. முன்னே ஓட்டினோம், பின்னே ஓட்டினோம். எல்லோரும் டிவியில் மூக்கு ஒட்டுகிற தூரத்தில்.

கம்மல், வாலு. "வேண்டாம், விடுங்க" என்று சொல்லும்போது காதில் பெரிய வளையம். சிரிக்கும்போது சின்ன முத்துத் தோடு. விளக்கு அணையும்போது மறுபடி வளையம்.

"கதவைச் சாத்தினதும் தோடு மாத்திட்டு வந்து சிரிச்சாளாக்கும்!" என்று பஸ்காரம்மா குதிக்கிறார். நகச்சாயம் தரையெல்லாம் கொட்டிவிட்டது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது?

இங்கே ஒரு கொத்தனார் வந்திருந்தார். என் பார்லருக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் உள்ள சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இதை இடித்தால் ஒரே பெரிய கடையாகிவிடும் என்று அண்ணன் சொல்லி அனுப்பினாராம். பதிவு அலுவலகத்திலும் அண்ணன் கல்யாணத்துக்குத் தேதி கேட்டுவிட்டார். நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம்.

மற்றபடி நலம். சொட்டு மருந்தை விடாமல் போடு.

அக்கா

மார்ச் 19

அக்கா,

நான் நலம் என்று எப்படிச் சொல்வது? உன் கடிதம் வந்த அன்றைக்கே, நாயகியாக நடிக்கிற பெண் எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டாள். நடிகர்கள் உள்ளே வரக்கூடாது என்று விதி. காவல்காரர் தடுத்தும் நிற்கவில்லை. நேராக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த சீன்ல நான் சிரிக்கவே இல்லையே. யாரு சிரிச்சது?"

யாரிடமும் சொல்லக்கூடாதுதான். வருவது வரட்டும், உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தொடர் தொடங்கும் முதல் நாள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து ஒரு சிரிப்பு, ஒரு திகைப்பு, ஒரு அழுகை என்று முகத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வோம். சரக்கு என்போம். பின்னால் எங்காவது காட்சி தொங்கினால் அந்தச் சரக்கிலிருந்து ஒரு முகத்தை எடுத்து ஒட்டுவோம். அந்தச் சிரிப்பு முதல் நாள் எடுத்தது. மேக்கப்காரரின் டோப்பா மின்விசிறிக் காற்றில் பறந்து காபியில் விழுந்தது, இவள் சிரித்தாள், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பின்னறைக் காட்சியில் அவள் உண்மையில் செய்தது வேறு. தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், முகத்தில் ரத்தமே இல்லை. சப்பென்று இருக்கிறது, சரக்கிலிருந்து ஒரு சிரிப்பை எடு என்றார் இயக்குநர். எடுத்தேன். நல்ல சிரிப்பாகப் பார்த்து எடுத்தேன், அக்கா. பெருமைப்பட்டேன் வேறு.

"கடைக்குப் போனா ஆம்பிளைங்க கண்ணடிக்கிறாங்க. வேண்டாம்னு சொன்னாலும் நீ சிரிப்பேன்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேராவே சொல்றான்" என்றாள் அந்தப் பெண். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய? ஆனால் விடப்போவதில்லை. ஏதாவது செய்தே தீர வேண்டும்.

உன் கல்யாணத் தேதி மட்டும்தான் இப்போது எனக்கு ஆறுதல். என்ன நிறத்தில் புடவை எடுக்கட்டும்? நீலமா, அரக்கா? சீக்கிரம் எழுது.

உன் வாலு

மார்ச் 25

வாலு,

நலம்.

நான் சிரிப்பேன் என்று எழுதியதற்கு அப்புறம் 'ஆனால்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அது எங்கே போயிற்று? அதையும் சரக்கில் போட்டுவிட்டாயா?

உன் நோக்கம் நல்லதுதான், எனக்குத் தெரியாதா. உங்கள் இயக்குநரும் அதைத்தான் சொல்லுவார்.

எனக்குப் புடவை எடுக்க வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

நீ நலமா என்று கேட்கவே கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன், குதிகால் எப்படி இருக்கிறது?

உன் ஜனவரிக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். சாவி, செருப்பு, ரேடியோ, எல்லாம் அப்படியே இருக்கிறது. அதைப் படித்தேன், படித்தும் வெட்டிவிட்டேன். நீ சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு அவசரம். உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் நான் அன்றே சொன்னேன் என்று சொல்லவில்லை, டீ போட்டுக் கொடுத்தார். அண்ணனுக்கு முழுவதையும் 'ஆனால்' சேர்த்து எழுதிப் போட்டுவிட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லையே.

இப்போது கேட்கிறேன் அக்கா. உனக்கு என்ன வேண்டும்?

இங்கே நடந்ததையும் கேள். கல்யாணப் பேச்சு வரும் பகுதியில் பின்னறைக் காட்சி நினைவாக மறுபடி வருகிறது. இந்தமுறை சிரிப்பை எடுத்துவிட்டு, தாழ்ப்பாளைப் பார்க்கிற அந்த முகத்தையே வைத்துவிட்டேன். இயக்குநர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "வெட்டுறதும் ஒட்டுறதும்தான் உன் வேலை. கதை சொல்றது நான்!"

"கதை சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னவ மூஞ்சியில சிரிப்பை ஒட்டச் சொல்லாதீங்க. நான் ஒட்ட மாட்டேன், வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம்.

அந்த நேரம் பார்த்துக் கதாசிரியர் வந்தார். அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லையாம். மறுபடி போடச் சொன்னார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் 'கதவு சாத்தப்படுகிறது'ன்னு மட்டும்தாம்மா எழுதினேன். அதுக்கப்புறம் அவளுக்கு என்ன ஆச்சுன்னு நான் யோசிக்கவே இல்ல. சேனல்ல காதலான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன்." ஊரே அவர் மனதில் என்ன இருந்தது என்று அடித்துக்கொள்கிறது, அவர் மனதில் ஒன்றுமே இல்லை!

அங்கேயே உட்கார்ந்து நாயகிக்குப் புதிதாக ஒரு வசனம் எழுதினார். உங்களைப் போலவே நிறையப் பேர் கண்டுபிடித்து, கம்மல் சண்டை ஊர் முழுக்கப் பரவிவிட்டதால் சேனலும் தலையாட்டிவிட்டது, நியாயத்துக்காக இல்லை, கூட்டம் பார்க்குமே என்று. வெள்ளிக்கிழமை பார். என் வேலை நிற்குமா போகுமா தெரியாது. ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, சந்தோஷத்தில்தான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலு

ஏப்ரல் 20

என் அன்பு வாலுக்கு,

நலமோ நலம். குதிகால்கூட வலிக்கவில்லை, இல்லை வலித்ததை நான் கவனிக்கவில்லை. உன் கண்ணும் வேலையும் பத்திரமா?

வெள்ளிக்கிழமை பார்லரில் நிற்க இடமில்லை. டிரையரை எல்லாம் அணைத்துவிட்டேன். வக்கீல் பூவோடு வருகிறான். மருந்துக்கடைப் பெண்ணுக்குப் பழைய நினைவு. கதவு, கை, "விடுங்க." எல்லோரும் சிரிப்புக்காகக் காத்திருக்கிறோம். சிரிப்பு வரவில்லை. அந்த முகம் வந்தது. யாரும் மூச்சுவிடவில்லையடி. அப்புறம் அவள் வக்கீலை நேராகப் பார்த்து, "அன்னைக்கு நான் சிரிக்கல. நீங்க பாக்கவே இல்ல" என்றாள்.

பஸ்காரம்மா விசிலடித்தார். டீச்சர் எழுந்து நின்று, "மூணு மாசமா என்னை ஏமாத்திட்டாங்கடி! அந்தச் சிரிப்பை நம்பி நான் எவ்வளவு சண்டை போட்டேன்!" என்று மேஜையில் குத்தினார். பஸ்காரம்மா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார், ஜன்னல் பக்கம். ஒற்றுமை ஐந்து நிமிஷம் நீடித்தது. அதற்குள், வக்கீலைத் திருத்தலாமா ஜெயிலில் போடலாமா என்று அடுத்த சண்டை ஆரம்பம்.

மறுநாள் அண்ணன் கையெழுத்துக்காகப் பதிவுக் காகிதத்தோடு வந்தார். பார்லரில் ஆள் இருக்கும்போதே கேட்டேன். "அண்ணே, என்னைக் கேக்காம என் சுவரை யாரு தட்டச் சொன்னது?"

"உனக்குச் சம்மதம்னு வாலுதானே எழுதினா?"

"வாலு என் வாயா அண்ணே?"

அவர் முகம் சிறுத்துவிட்டது. உன் இரண்டாவது கடிதத்தையும் படித்திருக்கிறார், ஆனால் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டதால் என்ன செய்வது என்று தெரியாமல் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார், பாவம். கோபித்துக்கொண்டு போனார். வருவார், எங்கே போகப்போகிறார்.

சாயங்காலம் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். உள்ளே வரவில்லை, வாசற்படிக்கு வெளியே நின்றார்.

"மூணு மாசமா உங்க கடைச் சண்டை எல்லாம் சுவர் வழியா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். உங்களுக்குச் சம்மதம்னு உங்க அண்ணன் சொன்னாரு, நானும் சந்தோஷப்பட்டேன். உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை கேக்கவே இல்லைன்னு நேத்துதான் உறைச்சுது. இப்ப கேக்கறேன். உங்களுக்கு இஷ்டமா?"

வாலு, என்னை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. உன் அத்தானைக் கட்டிவைத்தபோதும் கேட்கவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று நீ கேட்டிருந்தாயே, அந்தக் கடிதம் என் மேல்சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்கு என் சாவி வேண்டும், என் ரேடியோ வேண்டும். அந்தச் சுவர் அங்கேயே இருக்க வேண்டும். தெளிவாகத்தான் சொன்னேன்.

"வேண்டாம்ங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து எதையும் தேடவில்லை. "சரிங்க" என்றார். "கொத்தனாரை நான் நிறுத்திடறேன்" என்றார். திரும்பிப் போய்த் தன் ஷட்டரை இறக்கினார்.

அவர் போன பிறகு நான் சிரித்தேன். தனியாக, கண்ணாடி முன்னால் நின்று, வாய்விட்டுச் சிரித்தேன். உன்னிடம்தான் சொல்கிறேன், அதை எங்கேயும் கொண்டுபோய் ஒட்டிவிடாதே.

உன் அக்கா